ரெண்டு கை கோழி எரு

எனக்கு இருபத்தாறு வயது. போன மாதம் ரிட்டயர் ஆகிவிட்டேன்.

சிரிக்க வேண்டாம். சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், மைக் இல்லாமலேயே நான்கு பேர் பேசினார்கள், அதில் ஒருவர் அழவும் செய்தார். அழுதது நான்தான் என்று ஒரு வதந்தி உலவுகிறது. கண்ணில் தூசி. இதற்கு மேல் ஒரு ரிட்டயர்மென்ட்டுக்கு என்ன வேண்டும்?

நான்கு வருடம் நான் பார்த்த வேலை அடீனியத்துக்கு ஒட்டுக் கட்டுவது. நாமக்கல்லில் இருந்து எருமப்பட்டி போகிற ரோட்டில் ஒரு நர்சரி. இப்போது குரூப் ஃபோர் பாஸ் ஆகி, வாழப்பாடியில் ஓர் அரசு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்துவிட்டது. அப்படியும் காலேஜ் ஜூனியர்கள் விடுவதாக இல்லை. “அக்கா, பாட்டனி முடிச்சுட்டு நர்சரிக்குப் போலாமாக்கா?” “அக்கா, ஒட்டு எப்படிக்கா கட்டறது?” என்று தினம் பத்து வாய்ஸ் மெசேஜ். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக் கட்டை விரல் தேய்ந்துவிட்டது. ஒரே தடவையாக டைப் பண்ணிவிடுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடீனியம். பாலைவன ரோஜா என்று விற்பார்கள். ரோஜாவுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் கிடையாது, அரளிக்குத்தான் பங்காளி. மண்ணுக்கு மேலே குண்டாக ஒரு கிழங்கு, அதன் தலையில் நாலு கிளை, கிளை நுனியில் பூ. மார்கழிக் குளிரில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும். பங்குனி வெயில் சுருக்கென்று ஏறி மற்ற செடியெல்லாம் தலையைத் தொங்கப் போடும்போது, இது மட்டும் குஷியாகப் பூக்க ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்து வசந்தம் அதுதான். குளிர்ச்சியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தால் மண்டை காய்ந்துதான் திரும்புவீர்கள்.

நர்சரியின் முதலாளி செல்வியக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து வருடம் முட்டைக் கோழிப் பண்ணை நடத்தியவர். ஒரு முட்டை லாரி டிரைவர் கொடுத்த ஒரே ஒரு அடீனியத்தைக் காலியாகக் கிடந்த ஷெட்டில் வைத்தார். அது நாற்பதானது, நாற்பது நானூறானது, கடைசியில் கோழிகள் வெளியே போய்ச் செடிகள் உள்ளே வந்துவிட்டன. கோழிக்கு அடித்த கம்பி வலை மேல்தான் இன்றைக்கும் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஷெட்டு வாசலில் கிருமிநாசினி கலந்த ஊதாத் தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. யார் வந்தாலும் அதில் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செடிக்குக் கோழிச் சீக்கு வராது என்று முதல் நாளே நான் விளக்கினேன். அக்கா முழுவதும் கேட்டார்.

“செரி அம்மிணி. கால முக்கிட்டு வா.”

இன்டர்வியூவும் அன்றைக்குத்தான். என் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஊட்டுல செடி கிடி வெச்சிருக்கியா?”

“இல்லீங்க்கா. ஆனா புக்குல எல்லாமே படிச்சிருக்கேனுங்க.”

“அப்ப நாளைக்கு வாரப்ப ரெண்டு கிலோ முள்ளங்கி வாங்கிட்டு வா.”

என் பயிற்சிக் காலம் மொத்தமும் முள்ளங்கிதான். பிளேடால் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்ட வேண்டும். வெட்டிய இரண்டு துண்டையும் திரும்ப வைத்தால் கோடு தெரியக் கூடாது. மூன்று மாதம் வெட்டினேன். தொட்டிக்கு மண் நிரப்புகிற வசந்தாக்கா அந்தத் துண்டுகளை எல்லாம் சாம்பாரில் போட்டுவிடுவார். “காலேஜு, சீக்கிரம் பழகித் தொலை. எங்களுக்கு முள்ளங்கி வாசம் ஏப்பத்துல வருது” என்பார். காலேஜு என்பதுதான் அங்கே என் பேர். சொந்தப் பேரை யாரும் கேட்டதாக நினைவில்லை.

செல்வியக்காவின் காலை ரவுண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆறரை மணிக்கு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். செத்த கோழியைப் பொறுக்குகிற நடை அது. பேச மாட்டார். ஒவ்வொரு கிழங்கையும் விரலின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து. கெட்டியாக இருந்தால் “செரி.” மெத்தென்று அமுங்கினால் “எடு.” எடு என்று சொல்லிவிட்டால் அந்தத் தொட்டி ஷெட்டை விட்டு வெளியே போய்விடும். அழுகல் பக்கத்துத் தொட்டிக்குப் பரவும் முன்னால் போயாக வேண்டும். அழகு, அபூர்வம், வெளிநாட்டு ரகம் எதற்கும் இரக்கம் கிடையாது. “ஒரு கோழியப் பாவம் பாத்தா ஒரு ஷெட்டே போயிரும்” என்பார்.

பூவை ரசிப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. தொட்டியைக் கண் உயரத்துக்குத் தூக்குவார். முதலில் பூவின் முதுகைப் பார்ப்பார், அப்புறம் முகத்தை. தொட்டியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கீழே வைப்பார். அவ்வளவுதான். சூப்பர் என்றோ அடேங்கப்பா என்றோ ஒரு வார்த்தை வராது. “ரொம்பப் புடிச்சிருந்தா ரெண்டு சுத்து சுத்துவாங்க” என்று வசந்தாக்கா சொன்னார். பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “நான் பாத்ததில்ல. சொல்லிக்குவாங்க.”

நான் அப்படி இல்லை. புதுசாக ஒரு பூ விரிந்தால் ஷெட்டு அதிரக் கத்துவேன். எப்படிக் கத்தாமல் இருப்பது? ஒற்றை அடுக்கில் ரோஸ் பூத்துக்கொண்டிருந்த செடியில் மூன்று அடுக்கு வரும். வெள்ளையில் விளிம்பு மட்டும் லிப்ஸ்டிக் போட்ட மாதிரி வரும். லேபிளில் இருக்கிற வெளிநாட்டு நம்பர் எதுவும் யாருக்கும் வாயில் நுழையாது, அதனால் நாங்களே பேர் வைத்துவிடுவோம். வெள்ளை அடுக்குப் பூ, நடுவில் மஞ்சள்: ஆப்பாயில். மஞ்சளும் சிவப்பும் குழம்பிப்போய்க் கோடு கோடாக வருவது: கலக்கி. கன்னா பின்னா ரோஸ்: பெட்டிக்கடை முட்டாய். முட்டை ஊரில் பூவுக்கும் முட்டைப் பேர்தான் வரும்.

பங்குனியில் ஒரு வாரம் ஷெட்டை எல்லோருக்கும் திறந்து விடுவோம். அந்த வாரம் விற்பனை கிடையாது, பார்க்க மட்டும்தான். லீவில் இருக்கிற லாரி டிரைவர்கள், கைக்குழந்தையோடு வருகிற அம்மாக்கள், வகுப்பைக் கட் அடித்துவிட்டு ஜோடியாக வருகிறவர்கள் என்று ஊதாத் தண்ணீரில் கால் நனைத்தபடி ஒரு வரிசையே நிற்கும். வாழப்பாடியில் இருந்து ஒரு மரவள்ளி விவசாயி வருடா வருடம் வருவார். பூவைப் பார்க்கவே மாட்டார், கிழங்கைத்தான் பார்ப்பார்.

“ஏம்மா, இத அவிச்சா மாவா இருக்குமா, நாரா இருக்குமா?”

“ஒருக்காத்தானுங்க சாப்பிட முடியும். வெசமுங்க.”

“அப்ப வேணாம், பூவையே பாக்கறேன்” என்று போவார்.

இனி அந்தக் கேஸ். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இதில் என் மானம் போகிறது.

என் மூன்றாவது மார்கழி. எருமப்பட்டியில் இருந்து பூங்கொடியக்கா தொட்டி வாங்க வந்தார். அவர் வீட்டுக்காரர் மாணிக்கம் லாரி டிரைவர். அஸ்ஸாம் பக்கம் லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். போகும்போதெல்லாம் மாடியில் இருக்கிற அடீனியத்தை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்.

“ஏனுங்க அம்மிணி, செடியில எலையே இல்லைங்க. எளச்சுப் போய்க் கெடக்குது. பாக்கவே வெசனமா இருக்குது. என்ன போடலாமுங்க?”

குளிருக்கு இலை உதிர்வது இயல்பு, ஒன்றும் போடாமல் சும்மா விட்டாலே போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். புக்கிலும் இருக்கிறது. ஆனால் ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வாய் தானாகப் பேசியது.

“நாமக்கல்லுல இருந்துக்கிட்டு எருவுக்கு யோசிக்கறீங்களாக்கா? கோழி எரு ரெண்டு கை அள்ளிப் போட்டுத் தண்ணி உடுங்க. எந்திரிச்சு ஆடும்.”

தை பிறந்து முதல் வாரம். பூங்கொடியக்கா மொபட்டில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு தொட்டி, அதைச் சுற்றிக் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரித் துண்டு.

“அம்மிணி, இத சித்தப் பாருங்க.”

கிழங்கைத் தொட்டேன். விரல் உள்ளே போனது. புளித்த மாவு வாசனை அடித்தது. அதற்குள் செல்வியக்கா பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“என்ன போட்ட பூங்கொடி?”

பூங்கொடியக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் தரையைப் பார்த்தார்.

“நானாத்தானுங்க்கா போட்டேன். கோழி எரு. கழனித்தண்ணியும் தெனம் ஊத்துனேன். பட்டினி கெடக்குதாட்ட இருந்துச்சுங்க.”

நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள், அன்றைக்குத் திறக்கவில்லை.

அது கடையில் வாங்கிய செடி இல்லை. மாணிக்கண்ணன் இரண்டு செடியின் பூக்களுக்குள் தூரிகையால் மகரந்தம் சேர்த்து, விதை எடுத்து, முளைக்கப் போட்டு, ஐந்து வருடம் வளர்த்தது. சிவப்புக்கு மேல் தார் பூசின மாதிரி ஒரு கருஞ்சிவப்பு. இதழ் ஓரத்தில் ஊசி அகலத்துக்கு வெள்ளைக் கோடு. அவர் வைத்த பேர் தார் ரோடு. உலகத்தில் அந்த ரகத்தில் அந்த ஒரு செடிதான்.

“அவரு போன்ல என்ற போட்டோ இல்லைங்க. இந்தச் செடி போட்டோதான் இருக்குது” என்றார் பூங்கொடியக்கா. “மாசக் கடைசியில வந்துருவாரு. இது செத்துப்போச்சுன்னா என்னையத் திட்ட மாட்டாருங்க. அதானுங்க பயமே. ஒண்ணுமே சொல்ல மாட்டாரு.”

“வீடியோ கால்ல கேக்கறதில்லையா?”

“கேக்கறாரு. பக்கத்து ஊட்டுச் செடியக் காட்டீர்றேன். எல இல்லைன்னா எல்லாம் ஒண்ணாட்டத்தான இருக்குது?”

செல்வியக்கா எடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். விரலின் பின்பக்கத்தால் அடியில் இருந்து மேலே அழுத்திக்கொண்டே போனார். கிழங்கு போச்சு. முதல் கிளை போச்சு. இரண்டாவது போச்சு. மூன்றாவது கிளையில் விரல் நின்றது.

“இது கெட்டியா இருக்குது. காலேஜு, பிளேட எடு.”

“நானுங்களாக்கா?”

“உன்ற கைதான் பொடுசு. வெட்டு.”

ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் முக்கி, தீயில் காட்டி, ஆறவைத்து, அடுத்த வெட்டு. அடியில் இருந்து வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டே போனேன். வெள்ளைக்கு நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு. இன்னும் மேலே. பொட்டு சிறுத்தது, ஆனால் போகவில்லை. பழுப்பு ஒரு புள்ளி இருந்தால்கூட அந்தக் கிளை அழுகிவிடும். பூங்கொடியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பி வலையை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாவது கிளையின் கழுத்தில் வெட்டினேன். தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. பொட்டு இல்லை. மிஞ்சியது நாலு விரல் நீளக் குச்சி. அதுதான் தார் ரோடு.

அதை மூன்று துண்டாக்கினோம். பென்சில் கனத்தில் மூன்று நாட்டு அடீனியம் நாற்றைத் தலை வெட்டித் தயாராக வைத்தார் வசந்தாக்கா. வெட்டிய இடத்தில் பால் வழியும். அதைத் துடைக்காமல் வைத்தால் ஒட்டாது, வழுக்கும். துடைத்து, குச்சியை நாற்றின் தலையில் நேராக உட்காரவைத்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைத் தொப்பி மாதிரி மாட்டி, கீழே இழுத்துப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டினேன். பை கொடுக்கிற அழுத்தத்தில்தான் இரண்டும் ஒன்றோடு ஒன்று சேரும். முள்ளங்கி வெட்டிய மூன்று மாதத்துக்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது.

செல்வியக்கா சாக்பீஸை எடுத்துச் சுவரில் தேதி எழுதினார்.

“இருபத்தோரு நாளு. அடை வெச்ச முட்டையாட்டந்தான். யாரும் தொடக் கூடாது, தூக்கிப் பாக்கக் கூடாது.”

பூங்கொடியக்கா தினமும் போன் செய்வார். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கிற மாதிரித்தான் விசாரிப்பார். “இன்னிக்கு எப்படிங்க இருக்குது? மூஞ்சி தெளிஞ்சிருக்குதுங்களா?” குச்சிக்கு ஏது மூஞ்சி? தெளிந்திருக்கிறது என்றே சொல்லிவைப்பேன்.

ஆறாம் நாள் ஒன்றில் கறுப்புப் பூஞ்சை. “எடு” என்றார் அக்கா. எடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பூங்கொடியக்கா வீடியோ காலில் வந்தார். கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினேன். பைக்குள் குச்சி மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கமாகச் சரிந்து கீழே விழுந்தது. போனை அணைத்துவிட்டேன். மூன்றில் ஒன்றுதான் மிச்சம்.

மத்தியானம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் போய் நின்றேன்.

“அக்கா, ரெண்டாவதும் போச்சுங்க. நாந்தான் தூக்கிக் காட்டுனேன்.”

“ம்.”

“இன்னொண்ணும் சொல்லோணுங்க. அந்தக் கோழி எரு... நாந்தான் போடச் சொன்னேன்.”

ரசத்தைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“தெரியும்.”

“பூங்கொடியக்கா சொல்லீட்டாங்களா?”

“அவ எங்க சொன்னா. நீ சொன்னப்ப நான் பக்கத்து ஷெட்டுல தொட்டி அடுக்கீட்டு இருந்தேன். காதுல உளுந்துச்சு. மக்குன பழைய எருவாப் போடோணும், ஒரு கை போதும், அதும் வெயில் காலத்துலதான்னு ஓடிப்போய்ச் சொல்லோணும்னு நெனச்சேன். கையில இருக்கற தொட்டிய வெச்சுட்டுப் போலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்.”

நான் வாயைப் பிளந்தேன்.

“பதனஞ்சு வருசம் கோழி எருவுக்குள்ளயே கெடந்தவ நானு. அது ஒரு செடியக் கொல்லும்னு இந்த மண்டைக்குச் சட்டுனு ஒறைக்காது அம்மிணி.”

“அப்ப ஏனுங்க்கா அன்னிக்கே என்னையத் திட்டல?”

“உன்னையத் திட்டுனா என்னையும் சேத்துத்தான திட்டிக்கோணும்? செரி, ரெண்டு பேரும் வேலையப் பாக்கலாம்னு உட்டுட்டேன். போ, மிச்சம் இருக்கறதையாவது தொடாத.”

பூங்கொடியக்காவுக்குப் போன் போட்டு, என் பேரை ஏன் சொல்லவில்லை, தப்பு என்னுடையதுதானே என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“உடுங்க அம்மிணி. நீங்க ரெண்டு கைதான் சொன்னீங்க. நான் ஆறு கை போட்டேன்.”

“ஆறா? ஏனுங்க்கா?”

“ரெண்டு போட்டா எந்திரிச்சு ஆடும்னீங்க. ஆறு போட்டா இன்னும் ஆடுமில்லீங்?”

இருபத்தோராம் நாள் வந்தது. பூங்கொடியக்கா முட்டை போண்டாவோடு வந்துவிட்டார். நல்ல செய்தி என்றால் சாப்பிட, கெட்ட செய்தி என்றாலும் சாப்பிட என்றார். நூலை அறுத்தேன். பையை உருவினேன். குச்சி விழவில்லை. மெல்ல ஊதிப் பார்த்தேன். விழவில்லை. கணுவில் எறும்புத் தலை அளவுக்கு இரண்டு பச்சைப் பொட்டு.

கத்தினேன். ரோட்டில் போன டவுன் பஸ் ஸ்லோ ஆனது என்று வசந்தாக்கா இன்றைக்கும் சொல்வார்.

நான்கு நாள் கழித்து மாணிக்கண்ணன் ஊர் திரும்பினார். மாடியில் தொட்டி இருந்த இடம் காலி. பூங்கொடியக்கா ஒன்றும் பேசாமல் அவரை மொபட்டில் உட்காரவைத்து நேராக நர்சரிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் காலை முக்கிவிட்டு உள்ளே வந்தார். ஐந்து வருடக் கிழங்கைத் தேடி வந்தவரிடம் பென்சில் மேல் ஒட்டியிருந்த ஒரு இஞ்சுக் குச்சியைக் காட்டினோம்.

“நாந்தானுங்க எருப் போட்டேன்” என்றார் பூங்கொடியக்கா.

“நாந்தானுங்கண்ணா போடச் சொன்னேன்” என்றேன் நான்.

“எனக்கும் கேட்டுச்சு. தடுக்காம உட்டுட்டேன்” என்றார் செல்வியக்கா.

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். குச்சியைப் பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை. பூங்கொடியக்கா பயந்தது இதற்குத்தான்.

“அப்ப வீடியோ கால்ல காட்டுனது?” என்றார் கடைசியில்.

“பக்கத்து ஊட்டுது.”

“அதாம் பாத்தேன். என்ற தொட்டி ஓரத்துல ஒரு கறை இருக்கும். அதையக் காணம். செரி, பாவம், தொட்டியத் தேச்சுத் தேச்சுக் கழுவி வெச்சிருக்கறா போல, வந்து ஒரு சீலை எடுத்துக் குடுக்கலாம்னு நெனச்சுட்டே வந்தேன்.”

“சீலை உண்டா, இல்லையா?”

“பூக்கட்டும். பாக்கலாம்.”

குச்சியை எங்களிடமே விட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் போனார். ஒட்டுச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. பூ வந்தால்தான் அது தார் ரோடா, வெறும் குச்சியா என்று தெரியும். மாசியில் இலை வந்தது. பங்குனி தொடக்கத்தில் நுனியில் மிளகு மாதிரி ஒரு மொட்டு. திடீர் வெயிலுக்கு மொட்டு உதிர்ந்துவிடும் என்று நிழல்வலைக்குக் கீழேயே வைத்துக் காவல் காத்தேன். ஷெட்டைத் திறந்து விடுகிற வாரம் வந்தது. மாணிக்கண்ணனும் லீவு போட்டு வந்துவிட்டார். காலையில் மொட்டு விரிந்தது.

சாதாரணச் சிவப்பு.

விளிம்பில் கோடு இருந்தது. ஆனால் கறுப்பு எங்கே? எங்கள் வீட்டு வாசலில்கூட இந்தச் சிவப்பு இருக்கிறது. மாணிக்கண்ணன் பார்த்தார். “பரவால்லீங்க, உசுரோட இருக்குதில்ல” என்றார். அந்த ‘பரவால்லீங்க’ இருக்கிறதே, அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

செல்வியக்கா வந்தார். பூவைப் பார்க்கவில்லை. மேலே அண்ணாந்து நிழல்வலையைப் பார்த்தார்.

“பூவுக்குப் பேரு தார் ரோடு. நெழல்ல வெச்சா எங்க இருந்து கறுக்கும்? தூக்கி வெயில்ல வை அம்மிணி.”

தொட்டியை ஷெட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்தேன். முதல் நாள் கருஞ்சிவப்பு. இரண்டாம் நாள் இரண்டாவது மொட்டும் அங்கேயே விரிந்தது. மூன்றாம் நாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், புதுசாகத் தார் ஊற்றி, கோடு போட்டு, இன்னும் வண்டியே விடாத பைபாஸ் மாதிரி இரண்டு பூ. பக்கத்தில் இருந்த ஆப்பாயிலும் கலக்கியும் டிபன் கடைப் பலகை மாதிரி ஆகிவிட்டன. கூட்டம் ஷெட்டுக்குள் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. வாழப்பாடி மரவள்ளிக்காரர் முதன்முறையாகக் கிழங்கைக் கேட்காமல் பூவைக் கேட்டார்.

செல்வியக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொட்டியைக் கண் உயரத்துக்குத் தூக்கினார். முதுகு, அப்புறம் முகம். ஒரு சுற்று. கீழே வைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி நடந்தார். நின்றார். திரும்பி வந்தார். திரும்பவும் தூக்கி இன்னொரு சுற்று.

வசந்தாக்கா என் கையைக் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது.

மாணிக்கண்ணன் போனை எடுத்துக் குனிந்து பூவுக்கு நேராகப் பிடித்தார்.

“இந்தத் தடவையாச்சும் என்னையும் சேத்து எடுப்பீங்களா?” என்றார் பூங்கொடியக்கா.

“அதுக்குத்தான நகரச் சொல்லாம நிக்கறேன். தொட்டியத் தூக்கிப் புடி. இன்னும் மேல. பூவு மறைக்குது பாரு, மூஞ்சி தெரியோணும்.”

அடுத்த நாள் அவர் கிளம்பும்போது போன் ஸ்கிரீனைப் பார்த்தேன். தார் ரோடும் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு, பூ கறுக்க ஆரம்பித்ததுமே அவர் எடுத்துக் கொடுத்த புதுச் சீலையில் பூங்கொடியக்காவும் இருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் தார் ரோட்டில் இருந்து பதினெட்டு ஒட்டுக் கட்டினேன். பதினாறு சேர்ந்தது. அதில் ஒன்றைத்தான் என் ரிட்டயர்மென்ட் அன்றைக்குச் சால்வையோடு கையில் கொடுத்தார் செல்வியக்கா. பேசச் சொன்னோம். “கால முக்கிட்டுப் போ” என்றார். அதுதான் மொத்த உரை.

இப்போது அது வாழப்பாடியில் என் ஆபீஸ் ஜன்னலில், மேற்கு வெயிலில் இருக்கிறது. போன வாரம் பக்கத்து சீட்டு அண்ணன், சொந்தமாகத் தோட்டம் வைத்திருப்பவர், பூவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்னம்மா பூவு இது, இப்பிடிக் கறுப்பா இருக்குது! எங்கிட்ட ஒண்ணு இருக்குது, சோப்பிளாங்கியாக் கெடக்குது. அதுக்கு என்ன எரு போடலாம்?”

வாய் திறந்தது. பதில் நுனி நாக்கில் வந்து நின்றது. காதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

“செடிய முதல்ல கொண்டாந்து காட்டுங்கண்ணா” என்றேன். “அது வரைக்கும் ஒரு கை எதையும் போட்ராதீங்க.”